சவரக் கத்தியைத் தீட்டுவதில் வல்லவர் யார்? - தேர்வுகளைப் பற்றி ஒரு திறனாய்வு

தச்சர் செய்த நாற்காலி ஆடினால் குறை உடனே தெரிந்துவிடும். குயவர் வனைந்த பானை ஒழுகினால் யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. சவரக் கத்தியைத் தீட்டுபவரின் திறமையோ கண்ணுக்குப் புலப்படாத ஒரு கோட்டில் அடங்கியிருக்கிறது. மடக்குக் கத்தியின் விளிம்பு, மயிரிழையின் பருமனில் நூறில் ஒரு பங்கை விடவும் மெல்லியது. அந்த விளிம்பைத் தீட்டி முடித்த ஒருவரை "கெட்டிக்காரர்" என்றோ "அரைகுறை" என்றோ நாம் எதை வைத்துச் சொல்கிறோம்?

நகத்தில் வைத்துப் பார்ப்பவர் உண்டு. கை மயிரை வழித்துப் பார்ப்பவர் உண்டு. ஒற்றை மயிரைத் தொங்கவிட்டு வெட்டிக் காட்டி, "பார்த்தீரா!" என்று கேட்பவரும் உண்டு. இத்தேர்வுகள் எல்லாம் ஒன்றையே அளக்கின்றனவா? இவற்றில் தேறியவரை வல்லவர் என்று ஒப்புக்கொள்ளலாமா? இக்கேள்விகளை அறிவியல் முறையில் சற்று ஆராய்வோம்.

கூர்மை என்பது என்ன?

இரு பக்கச் சரிவுகள் சந்திக்கும் இடமே விளிம்பு. சரிவுகளுக்கு இடையேயுள்ள கோணம் ஒன்று. விளிம்பின் முனை எவ்வளவு மெல்லியது என்பது மற்றொன்று. கூர்மை என்னும்போது இவ்விரண்டையும் நாம் சேர்த்தே சொல்கிறோம்.

மடக்குக் கத்தியில் கோணத்தைத் தீட்டுபவர் தேர்ந்தெடுப்பதில்லை. கத்தியின் முதுகே அதைத் தீர்மானித்துவிடுகிறது. முதுகும் விளிம்பும் ஒருசேரக் கல்லில் படியும்படி கத்தியைக் கிடத்தித்தான் தீட்ட வேண்டும். முதுகின் பருமன் 5 மி.மீ., கத்தியின் அகலம் 18 மி.மீ. என்று கொண்டால் கோணம் ஏறத்தாழ 16 பாகை வரும். முக்கோணவியல் படிக்கும் மாணவர்கள் இதைத் தாங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். தீட்டத் தீட்ட விளிம்பும் தேய்கிறது, முதுகும் தேய்கிறது. ஆதலால் கோணம் பெரிதும் மாறாமல் நிற்கிறது. இதை முதலில் கண்டறிந்தவர் யாராயினும் அவர் நல்ல பொறியாளர்தான்.

விளிம்பின் மென்மை கல்லைப் பொறுத்தது. கல்லில் உள்ள ஒவ்வொரு துகளும் எஃகில் ஒரு கீறலை உண்டாக்குகிறது. இரு பக்கக் கீறல்களும் விளிம்பில் வந்து முடியும்போது அங்கே ரம்பப் பற்கள்போல் மேடு பள்ளங்கள் தோன்றுகின்றன. துகள் சிறுக்கச் சிறுக்கப் பற்களும் சிறுக்கும். 1000 எண்ணுள்ள கல்லில் துகளின் அளவு சுமார் 15 மைக்ரான்; 8000 எண்ணுள்ள கல்லில் 1 முதல் 2 மைக்ரான். (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமயிரின் பருமன் 50 முதல் 100 மைக்ரான் வரை.) கல்லில் தீட்டியபின் தோல்வாரில் இழுப்பது எதற்கு? விளிம்பில் தொங்கும் பிசிரை நீக்கி, வளைந்த நுனியை நேராக்குவதற்கு. கல்லில் விளிம்பு முன்செல்ல வேண்டும். வாரில் முதுகு முன்செல்ல வேண்டும். தவறினால் வாரும் கெடும், விளிம்பும் கெடும்.

மணவாளக்குறிச்சி மணலும் சாணைக்கல்லும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் ஒருபிடி மணலை அள்ளிப் பாருங்கள். கறுப்புத் துகள்கள் இல்மனைட். அவற்றினூடே சிவந்து மின்னுபவை கார்னெட். 1909-ஆம் ஆண்டில் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலார், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டார். அதிலிருந்து இவ்வூரின் பெயர் உலக அறிவியலில் இடம்பெற்றது. 1950-இல் தோன்றிய இந்திய அருமண் நிறுவனம் (இன்று ஐ.ஆர்.இ.எல். இந்தியா) இங்கே இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், மோனசைட் ஆகியவற்றோடு கார்னெட்டையும் பிரித்தெடுத்து வருகிறது.

கார்னெட்டின் கடினம் மோஸ் அளவையில் 6.5 முதல் 7.5 வரை. உப்புத்தாள் போன்ற தேய்ப்புத் தாள்களுக்கும், நீர்த்தாரையால் உலோகம் அறுக்கும் பொறிகளுக்கும் அது பயன்படுகிறது. நவரத்தினங்களுள் ஒன்றான கோமேதகமும் கார்னெட் இனத்தைச் சேர்ந்ததே.

இதற்கும் சவரக் கத்திக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். பெல்ஜியம் நாட்டின் ஆர்டென் மலைப்பகுதியில் வீல்சால்ம் என்ற ஊரருகே மஞ்சள் நிறக் கல் ஒன்று கிடைக்கிறது. கோட்டிக்கூல் என்பது அதன் பெயர். சவரக் கத்தி தீட்டுவதற்கென்றே ஐரோப்பா முழுதும் புகழ்பெற்ற கல் அது. அக்கல்லுக்குள் தீட்டும் வேலையைச் செய்வது வேறெதுவுமன்று, கார்னெட்டே! பல மைக்ரான் அளவுள்ள நுண்படிகங்களாக அது மெல்லிய தாதுக்களினிடையே பதிந்திருக்கிறது. படிகங்களின் மூலைகள் ஊசிபோல் இல்லாமல் விரிகோணமாக இருப்பதால் கீறல் ஆழமாக விழுவதில்லை. தன் அளவுக்கு மீறிய மென்மையை அக்கல் தருவதற்கு இதுவே காரணம்.

அப்படியானால் மணவாளக்குறிச்சி மணலை அரக்கில் குழைத்துச் சாணைக்கல் செய்துவிடலாமா? கூடாது. கடற்கரைக் கார்னெட் மணி ஒவ்வொன்றும் நூறு மைக்ரானுக்குக் குறையாது. மயிரிழையின் பருமனுள்ள மணி எஃகை உழுதுவிடும். மேலும் பிரிக்கப்படாத மணலில் கதிரியக்கமுள்ள மோனசைட்டும் கலந்திருக்கிறது. அதை வீட்டில் அரைத்துப் பொடியாக்குவது நல்லதன்று. பொருள் ஒன்றாக இருந்தாலும் அளவு வேறானால் தொழிலும் வேறாகிறது.

தேய்க்கும் கற்களைப் பற்றிய அறிவு தமிழகத்துக்குப் புதிதன்று. வைரத்துக்கு அடுத்த கடினமுள்ள கொரண்டம் என்னும் கனிமத்தின் உலகப் பெயரே நம்முடைய குருந்தம் என்ற சொல்லிலிருந்து பிறந்ததுதான். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறைகளில் குருந்தம் கிடைக்கிறது. குருந்தப் பொடியை அரக்கோடு சேர்த்துச் சாணைச் சக்கரம் செய்வது நம் நாட்டுக் கைவினைஞரின் பழைய முறை.

தேர்வுகளைத் தேர்வோம்

இனி, கத்தியின் கூர்மையைப் பார்க்க மக்கள் கையாளும் தேர்வுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, தீப்பொறி. தெருவில் சாணை பிடிப்பவரின் சக்கரத்திலிருந்து பொறி பறக்கும்போது குழந்தைகள் கூடிவிடுவார்கள். பொறி என்பது எஃகிலிருந்து பிய்ந்து காற்றில் எரியும் துணுக்கு. அரிவாளுக்கும் அரிவாள்மணைக்கும் அம்முறை பொருந்தும். சவரக் கத்திக்கோ அது ஆபத்து. ஏறத்தாழ 1 விழுக்காடு கார்பன் உள்ள எஃகைச் செஞ்சூடாக்கித் திடீரெனக் குளிர்வித்துக் கடினம் ஏற்றியிருக்கிறார்கள். மெல்லிய விளிம்பு சக்கரத்தில் பட்டு 300° செ. அளவுக்குச் சூடேறினால் அவ்விடம் நீலம் பாயும், கடினம் போய்விடும். நீலம் பாய்ந்த கத்தியை எப்படித் தீட்டினாலும் விளிம்பு நிற்காது. ஆகவே, பொறியைக் கண்டு திறமையைப் போற்றுவது இங்கே நேர்மாறான தீர்ப்பு. நனைந்த கல்லில் ஓசை அடங்கி நடக்கும் வேலையே சவரக் கத்திக்கு உரியது.

இரண்டாவது, கட்டைவிரல் நகம். விளிம்பை நகத்தின் மேல் எடையில்லாமல் இழுத்தால் பல்லும் பிசிரும் தட்டுப்படும். தொடக்கக் கட்டத்தில் இது பயனுள்ள தேர்வு. ஆனால் மெருகேறிய விளிம்பை நகத்தில் இழுத்தால் அந்த விளிம்பே மழுங்கும். அளப்பதற்காகப் பொருளைக் கெடுக்கும் தேர்வை எந்தக் கட்டத்தில் வைப்பது என்று அறிந்திருப்பதும் திறமையின் ஒரு பகுதியே.

மூன்றாவது, கை மயிர். இதில் தேறுவது எளிது. 1000 எண் கல்லிலிருந்து எடுத்த கத்தியே கை மயிரை வழித்துவிடும். அதே கத்தியைக் கன்னத்தில் வைத்தால் கண்ணீர் வரும். எல்லோரும் தேறிவிடும் தேர்வு எவரையும் பிரித்துக் காட்டாது.

நான்காவது, தொங்கும் மயிர். பார்ப்பவரை வியக்கவைக்கும் தேர்வு இதுவே. நாம் மிகவும் எச்சரிக்கையாகக் கருத வேண்டியதும் இதுவே. ஒருவர் மயிர் தடிப்பு, மற்றவர் மயிர் மெலிவு. ஈர மயிர் துவளும், உலர்ந்த மயிர் விறைக்கும். பிடித்த இடத்துக்கு அருகில் வெட்டுவது எளிது, தள்ளி வெட்டுவது கடினம். மயிரின் மேல் ஓடுகள்போல் அடுக்கிய செதில்கள் எல்லாம் நுனியை நோக்கியே சாய்ந்திருக்கின்றன. வேர்ப்பக்கத்தைப் பிடிப்பதா நுனிப்பக்கத்தைப் பிடிப்பதா என்பதைப் பொறுத்தும் முடிவு மாறலாம். இத்தனை மாறிகளை வைத்துக்கொண்டு இரண்டு ஊர்களில் இருவர் செய்த தேர்வை ஒப்பிட்டு ஒருவரை உயர்ந்தவர் என்பது சரியாகாது. எனினும் ஒருவர் தம் தலைமயிரையே எடுத்து, ஒரே தூரத்தில் பிடித்து, நேற்றைய விளிம்பையும் இன்றைய விளிம்பையும் ஒப்பிட்டால் அது நல்ல அளவுகோல். தேர்வு அவருக்கு உதவும். வேடிக்கை பார்க்கும் நமக்கு உதவாது.

ஐந்தாவது, விரலின் உணர்வு. பழகியவர் விளிம்பின் மேல் விரலை வைத்து, இழுக்காமல் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார். "இது வெறும் கைப்பழக்கம், அறிவியல் அன்று" எனச் சிலர் ஒதுக்குகிறார்கள். 2013-இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு இதற்கு விடை தருகிறது. மைக்ரானில் நூறில் ஒரு பங்கையொத்த உயரமுள்ள வரிகள் கொண்ட பரப்பையும் வழவழப்பான பரப்பையும் மனித விரல் தடவிப் பார்த்தே வேறுபடுத்தியது. முடிதிருத்துவோரின் விரல் ஓர் அளவுக் கருவியே. அதன் குறை வேறிடத்தில் உள்ளது: அவர் உணர்ந்ததை நாம் சரிபார்க்க வழியில்லை. மாணவர்கள் இத்தேர்வைச் செய்து பார்க்கக் கூடாது என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

ஆறாவது, நுண்ணோக்கி. இராபர்ட் ஹூக் 1665-இல் வெளியிட்ட மைக்ரோகிராஃபியா நூலில் ஊசிமுனைக்கு அடுத்தபடியாகச் சவரக் கத்தியின் விளிம்பைத்தான் ஆராய்ந்தார். வெறுங்கண்ணுக்கு வழவழப்பான கத்தி, கண்ணாடிக்குக் கீழே சால் உழுத நிலம்போலத் தெரிந்தது. கூர்மையிலும் கரடு உண்டு என்று உலகுக்குக் காட்டிய பெருமை அவருடையது. ஆனால் இன்று நுண்ணோக்கிப் படத்தைக் காட்டி "இதோ கூர்மை" என்பவரை ஒரு கேள்வி கேட்கலாம். ஒளி நுண்ணோக்கியால் சுமார் 0.2 மைக்ரானுக்குக் கீழே பிரித்துக் காட்ட இயலாது. நல்ல விளிம்பின் முனை அந்த எல்லைக்கும் கீழே இருக்கக்கூடும். ஆகவே படத்தில் தெரிவது சரிவின் கீறல்களே, விளிம்பு அன்று. மெல்லிய பிசிர் ஒட்டிய விளிம்பு படத்தில் அழகாகத் தோன்றி, முதல் வழிப்பிலேயே ஒடிந்துவிடலாம்.

சுசுருதர் வைத்த அளவுகோல்

நம் நாட்டில் விளிம்பைத் தேர்வது பற்றிப் பழங்காலத்திலேயே எழுதிவைத்தவர்கள் மருத்துவர்கள். சுசுருத சம்ஹிதையில் அறுவைக் கருவிகளின் விளிம்புக்கு வேலைக்குத் தக்க அளவு சொல்லப்பட்டிருக்கிறது. கீறித் திறக்கும் கருவிக்கு மைசூர்ப் பருப்பின் அளவு, சுரண்டும் கருவிக்கு அதில் பாதி, குத்தும் கருவிக்கு மயிரளவு, வெட்டி நீக்கும் கருவிக்கு அரை மயிரளவு. தீட்டுவதற்கு உளுந்து நிறமுள்ள வழவழப்பான கல். விளிம்பைக் காக்க இலவமரப் பலகை. மயிரை அறுக்கும் கூர்மையும் நல்ல அமைப்பும் இருந்து, சரியாகப் பிடிக்கவும் முடிந்தபின்பே கருவியைப் பயன்படுத்தலாம்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது யாதெனில், மயிர்த் தேர்வு இங்கே தனியாக நிற்கவில்லை. அமைப்பு, பிடி, வேலைக்குத் தக்க அளவு ஆகியவற்றோடு சேர்ந்தே நிற்கிறது. "மிகக் கூர்மையே மிக நன்று" என்று அந்நூல் சொல்லவில்லை. வேலைக்கு ஏற்ற கூர்மையைக் கேட்கிறது.

கத்தியின் தேர்வும் ஆளின் தேர்வும்

இதுவரை பார்த்த தேர்வுகள் அனைத்துக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. அவை ஒரு கத்தியின் ஒரு நேரத்து நிலையைச் சொல்கின்றன. வல்லமை என்பதோ ஓர் ஆள் பல கத்திகளில், பல ஆண்டுகளில் காட்டும் குணம். ஒரு தடவை தொங்கும் மயிரை வெட்டியவர் நற்பேற்றாலும் வெட்டியிருக்கலாம். பாதித் தடவை மட்டுமே வெற்றிபெறும் பயிற்சியாளரை எண்ணிக்கொள்ளுங்கள். அவர் அடுத்தடுத்து ஐந்து கத்திகளில் தேறுவதற்கான வாய்ப்பு 32-இல் 1 தான். ஆகவே ஒன்றைக் காட்டுபவரிடம் ஐந்தைக் கேளுங்கள். அந்த ஐந்தையும் நீங்களே தேர்ந்தெடுத்துக் கொடுங்கள். ஒன்று துருப்பிடித்ததாக இருக்கட்டும், ஒன்று விளிம்பு உடைந்ததாக இருக்கட்டும்.

அவ்வாறு பெற்ற கத்திகளில் என்ன பார்ப்பது? விளக்கின் கீழ் விளிம்பை மேல்நோக்கிப் பிடித்துப் பாருங்கள். மழுங்கிய இடத்தில் ஒளி பட்டு வெள்ளைப் புள்ளி மின்னும். கூரிய இடத்தில் ஒன்றும் தெரியாது. அடியிலிருந்து நுனிவரை புள்ளியில்லாமல் இருக்கிறதா? விளிம்பை அளவுகோலின் அருகே வைத்துப் பாருங்கள். நடுப்பகுதி குழிந்திருந்தால் அழுத்தம் சீராக இல்லை, அல்லது கல் குழிந்திருக்கிறது. முதுகு இருபுறமும் ஒரே அளவு தேய்ந்திருக்கிறதா? இவற்றுக்கெல்லாம் மேலாக, தேவைக்கு மேல் எஃகைத் தின்றிருக்கிறாரா? பத்து இழுப்பில் முடியும் வேலைக்கு நூறு இழுப்பு இழுத்தவரும் கூர்மையான கத்தியைத்தான் தருவார். ஆனால் கத்தியின் ஆயுளைக் குறைத்துத் தருவார். எப்போது நிறுத்துவது என்று அறிந்தவரே வல்லவர்.

இறுதித் தீர்ப்பு முகத்தில்தான். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. சவரம் நன்றாக அமையாவிட்டால் குற்றம் தீட்டியவருடையதா, வழித்தவருடையதா, போதிய நேரம் ஊறாத தாடியினுடையதா? வெந்நீரில் ஊறிய மயிரை வெட்டத் தேவையான விசை வெகுவாகக் குறைகிறது. 2020-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வேறொன்றையும் கண்டனர். மயிர் எஃகைவிட ஐம்பது மடங்கு மென்மையானது; ஆயினும் வெட்டும்போது மயிர் வளைந்து சாய்ந்தால், எஃகின் நுண்ணமைப்பு சீராக இல்லாத இடத்தில் விளிம்பு பொடிந்துவிடுகிறது. அதாவது, ஒரு சில சவரங்களிலேயே விளிம்பு கெடுவதில் எஃகின் பங்கும் உண்டு. எல்லாப் பழியையும் தீட்டியவர் தலையில் ஏற்றுவது நியாயமாகாது.

இச்சிக்கலைத் தீர்க்க அறிவியல் ஒரு வழி காட்டுகிறது. ஒரே ஆளின் இடக்கன்னத்தை ஒரு கத்தியாலும் வலக்கன்னத்தை மற்றொரு கத்தியாலும், ஒரே கையால், ஒரே நுரையில் வழிக்கச் செய்ய வேண்டும். எந்தக் கத்தி யார் தீட்டியது என்பது வழிப்பவருக்கும் தெரியக் கூடாது, முகத்துக்கு உரியவருக்கும் தெரியக் கூடாது. அடுத்த முறை பக்கங்களை மாற்ற வேண்டும். ஒருவர்மேல் பட்ட கத்தி மற்றொருவர்மேல் படக் கூடாது. மருந்துகளைச் சோதிக்கும் முறையும் ஏறத்தாழ இதுவே.

முகத்தை விடவும் கண்டிப்பான நீதிபதி ஒருவர் ஆய்வகத்தில் இருந்தார். கல்லூரி விலங்கியல், தாவரவியல் துறைகளில் மெழுகில் பதித்த திசுவைச் சில மைக்ரான் தடிப்பில் சீவும் மைக்ரோடோம் கத்தியைச் சொல்கிறோம். ஒருமுறை இட்டு எறியும் அலகுகள் வருமுன், ஆய்வக உதவியாளர்களே அதைக் கல்லிலும் தோல்வாரிலும் தீட்டிவந்தனர். விளிம்பில் ஒரு பொடி உடைந்திருந்தால் சீவிய ஒவ்வோர் ஏட்டிலும் ஒரு நீண்ட கோடு விழும். அங்கே பேச்சால் மறைக்க இடமில்லை.

கத்தி மறைந்தபின்

1901-இல் ஜில்லெட் தம் பாதுகாப்புச் சவர அலகுக்கு உரிமம் கோரினார்; 1903-இல் அது விற்பனைக்கு வந்தது. ஆயினும் நம் ஊர் முடிதிருத்தகங்களில் மடக்குக் கத்தியே நெடுங்காலம் நின்றது. 1986-இல் மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைச் சென்னையில் கண்டறிந்தனர். அதன்பின் ஒருவருக்குப் பயன்படுத்திய கத்தியை மற்றவருக்குப் பயன்படுத்தும் அச்சம் பரவியது. இரண்டாக ஒடித்த அலகைப் பிடியில் செருகிப் பயன்படுத்தி எறியும் வழக்கம் நிலைபெற்றது. ரத்தத்தால் பரவும் மஞ்சள்காமாலை வகைகளையும் எண்ணினால் இம்மாற்றம் நன்மையே. அதை மறுப்பவர் நலவாழ்வை அறியாதவர்.

ஆனால் கணக்கில் மற்றொரு பக்கமும் உண்டு. தமிழகத்தில் நாவிதர் குடியினரே கட்டி கீறுவதும் புண்ணுக்கு மருந்திடுவதும் செய்துவந்தனர். அக்குடிப் பெண்கள் மகப்பேறு பார்த்தனர். மருத்துவர் என்ற பெயரே அவர்களுக்கு வழங்கியது. அவர்களுடைய கத்தியைத் தன் கழுத்தருகே அனுமதித்த சமூகம், அவர்களைத் தன் திண்ணையில் சமமாக உட்காரவிடவில்லை. வழிப்பு நன்றாக இருந்தால் அது கடமை. ஒரு துளி ரத்தம் வந்தால் அது குற்றம். அவர்களுடைய திறமையை முறையாகத் தேர்வு செய்து, "இவர் இன்னின்ன காரணத்தால் வல்லவர்" என்று எழுதிவைத்தவர் மிகச் சிலரே. எழுதாமல் விட்ட அறிவு கைகளோடு போய்விடும்.

தொங்கும் மயிருக்குக் கைதட்டுவது ஒரு திறமையைப் பாராட்டுவதாக நமக்குத் தோன்றலாம். உண்மையில் அந்தத் திறமையின் மிகச் சிறிய, மிக எளிதாகக் காட்டக்கூடிய பகுதியை மட்டுமே பாராட்டுகிறோம். கல்லைச் சமமாக வைத்திருப்பது, அழுத்தத்தை அறிவது, பிசிரை உணர்வது, எஃகை மிச்சப்படுத்துவது, எந்தக் கட்டத்தில் பிழை நேர்ந்தது என்று தாமே கண்டு அந்தக் கட்டத்துக்குத் திரும்புவது ஆகிய பெரும்பகுதி பார்வையாளர் கண்ணில் படுவதில்லை.

உங்கள் ஊரில் மடக்குக் கத்தியைத் தீட்டிப் பழகிய முதியவர் இருந்தால், அவரிடம் மயிரை வெட்டிக் காட்டச் சொல்லாதீர்கள். பழைய கத்தி ஒன்றைக் கொடுத்து, அவர் கல்லை நனைப்பதிலிருந்து உள்ளங்கையில் கத்தியைத் தடவி முடிப்பதுவரை உடனிருந்து பாருங்கள். எத்தனை இழுப்பு, எந்தப் பக்கம், எங்கே நிறுத்தினார், ஏன் நிறுத்தினார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தீட்டுமுன்னும் தீட்டியபின்னும் விளிம்பைப் பள்ளி நுண்ணோக்கியில் பார்த்து வரைந்து வையுங்கள். அவர் வல்லவரா என்பதை அந்தக் குறிப்பேடு சொல்லும்.